தேருக்கு விட்ட சுவர்

வடக்கு ராஜ வீதியும் மேற்கு ராஜ வீதியும் சேரும் மூலையில் ஒரு பட்டுப்புடவைக் கடை இருக்கிறது. இன்று அது அரசுப் பாதுகாப்பில் உள்ள கட்டடம். அந்த உத்தரவு வருவதற்கு முந்தைய ஆண்டில், அதன் முன்சுவரை வெட்டி எடுக்க வேண்டும் என்று கடைக்காரருக்கு ஒரு நோட்டீஸ் போயிற்று. நோட்டீஸுக்கு ஆதாரமாக இருந்த வரைபடம் நான் போட்டது. அது தவறான வரைபடம். அந்தத் தவறு எப்படி நேர்ந்தது, எப்படித் தெரிய வந்தது, பிறகு என்ன ஆயிற்று என்பதை என் நாட்குறிப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அப்போது எனக்கு வயது நாற்பத்து நான்கு. ஊரின் வீதிகளையும் சாக்கடைகளையும் கவனிக்கும் அலுவலகத்தில் டிராப்ட்ஸ்மேனாக இருந்தேன். நான் போட்ட படத்தை யாரும் மறுமுறை அளந்து பார்ப்பதில்லை. எனக்கு அந்த அலுவலகத்தில் கிடைத்திருந்த மரியாதை அது ஒன்றுதான். அதை நான் பெரிதாகவே நினைத்திருந்தேன்.

பழைய கட்டடங்களைப் பட்டியல் எடுக்கும் இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி ஏதோ மண்டபத்தைப் பார்க்க ஊருக்கு வந்தவர், வழியில் இந்தக் கடையையும் பார்த்திருக்கிறார். கோயில், மண்டபம், குளம் என்று பட்டியலில் நிறைய இருக்கிறது, கடை என்று ஒன்றுகூட இல்லை, இதைச் சேர்க்கலாம் என்று எழுதினார். சேர்ப்பதற்கு முன் இரண்டு விஷயங்கள் கேட்டார்: கட்டடத்தின் அளவுப்படம், கட்டடம் வீதி எல்லையைத் தாண்டவில்லை என்ற சான்று. இரண்டும் என் மேஜைக்கு வந்தன.

கட்டடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வடக்கு பார்த்த கடை. முகப்பு முப்பது அடி, ஆழம் எழுபது அடி. கிழக்கே பக்கத்து வீட்டோடு ஒட்டியிருக்கிறது. மேற்கே வீதி. முகப்பின் நடுவில் எட்டடி அகல வாசல். அதற்குக் கீல் வைத்த கதவு கிடையாது. மேலும் கீழும் உள்ள பள்ளத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் செருகும் பன்னிரண்டு பலகைகள். ஒவ்வொரு பலகையிலும் தெலுங்கு எண் செதுக்கியிருக்கும். கடைக்காரர் குடும்பம் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். காலையில் பலகைகளைக் கழற்றி வாசலின் மேற்கு நிலையோரம் அடுக்கிச் சாத்திவிடுவார்கள். வாசலுக்கு இருபுறமும் கம்பி போட்ட ஜன்னல் ஒவ்வொன்று. இரண்டையும் உட்பக்கம் அலமாரிகள் மறைத்திருந்தன.

உள்ளே கூடம். எட்டுத் தேக்குத் தூண்கள், ஒவ்வொன்றும் கல் பீடத்தில் நிற்பவை. மேலே நெருக்கமாகப் போட்ட தேக்கு உத்திரங்கள். அவற்றின்மேல் மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரையில் பிடித்த மெட்ராஸ் டெரஸ். சுவர்ப்பூச்சு கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்பு. தடவினால் பீங்கானைத் தடவுவது போலிருக்கும். பின்கட்டில் இரண்டு கல்தூண்கள். எந்த இடிந்த மண்டபத்திலிருந்தோ வந்தவை. ஒன்று தலைகீழாக நிற்கிறது. நட்டவர் கவனிக்கவில்லையா, அந்தப் பக்கம்தான் அங்கே பொருந்தியதா, தெரியவில்லை.

மாடியில், முன்சுவரின்மேல், மரக்கிராதி போட்ட வராந்தா. கடையின் வியாபாரம் உண்மையில் அங்கேதான். பிள்ளையார்பாளையத்திலிருந்து நெசவாளர் கொண்டுவரும் புடவையை மேலே எடுத்துப்போய் வடக்கு வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார்கள். வடக்கு வெளிச்சத்தில் நேர்வெயில் கலக்காது. அரக்குக்கும் குங்கும நிறத்துக்கும் உள்ள வித்தியாசம் அங்கே தெரிவதுபோல் கூடத்தில் தெரியாது. கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்களும் கூடத்தில் பார்த்து, வராந்தாவில் முடிவு செய்வார்கள். வராந்தாவின் எடை முழுவதும் முன்சுவர்மேல் நிற்கிறது. முன்சுவர் போனால் வராந்தா போகும். உத்திரங்களின் முனையும் தொங்கிவிடும்.

நான் அளந்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அலுவலகத்தில் இருந்தது பழைய துணி நாடா. சங்கிலி பிடிக்கும் ஆள் ஒருவர் கூட வந்தார். உள்ளே அறை அறையாக அளந்தேன். நீள அகலம், மூலைக்கு மூலை எல்லாம் எடுத்தேன். எல்லா அறைகளும் சரியான சதுர மூலைகளோடு இருந்தன. மூலைக்கு மூலை அளவுகள் அரை அங்குலத்துக்குள் ஒத்துப்போயின. பழைய கட்டடத்தில் அது அபூர்வம் என்று குறித்திருக்கிறேன். முன்சுவரின் கனத்தை வாசலின் கிழக்கு நிலையில் அளந்தேன். இருபத்து மூன்று அங்குலம். மேற்கு நிலையில் பலகைகள் சாத்தியிருந்ததால் அங்கே அளக்கவில்லை.

பிறகு வெளியே வந்து மேற்குப் பக்கச் சுவரை முன்னிருந்து பின்வரை ஒரே இழுப்பாக அளந்தோம். உள் அளவுகளையும் சுவர்க் கனங்களையும் கூட்டி வரும் தொகையைவிட அது பதினோரு அங்குலம் குறைவாக வந்தது. மறுபடி இழுத்தோம். அதே அளவு.

அன்று மாலை மேஜையில் உட்கார்ந்து யோசித்தேன். துணி நாடா பழசானால் நீளும். நீண்ட நாடா குறைத்துத்தான் காட்டும். உள்ளே சிறு சிறு அளவாக, மெதுவாக எடுத்தது. வெளியே எழுபது அடியைச் சங்கிலிக்காரர் முழு பலத்தோடு இழுத்தார். ஆகவே உள் அளவு சரி, வெளி அளவு நாடாவின் பிழை. இப்படி முடிவு செய்து, வெளி அளவை அடித்துவிட்டுக் கூட்டுத்தொகையை எழுதினேன். உள்ளே அத்தனை ஒழுங்காகக் கட்டினவன் வெளியே கோணலாக விட்டிருக்க மாட்டான் என்பது என் எண்ணம். முன்சுவரை ஒரே கனமாக, இரண்டு இணைகோடுகளாகப் போட்டேன். நல்ல படமாக வந்தது.

அந்தப் படத்தை வீதிப் படத்தின்மேல் வைத்துப் பார்த்தபோது கடையின் மேற்கு மூலை வீதி எல்லையைத் தாண்டிப் பதினோரு அங்குலம் நின்றது. கிழக்கே வர வர அது குறைந்து, வாசலருகே ஒன்றுமில்லாமல் ஆயிற்று. ராஜ வீதிகளில் புதிய சாக்கடை கட்டும் வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. இன்ஜினீயர் படத்தைப் பார்த்தார். ஆக்கிரமிப்பு என்று எழுதினார். மேற்குக் கோடியில் பதினோரு அங்குலம் வெட்ட வேண்டும் என்று நோட்டீஸ் தயாராயிற்று. ஆக்கிரமிப்பு உள்ள கட்டடத்தைப் பட்டியலில் சேர்ப்பதில்லை என்று இலாகாவிலிருந்தும் பதில் வந்துவிட்டது.

கடைக்காரர் மனு கொடுத்தார். அவருக்கு அறுபது வயதிருக்கும். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் ஒற்றை நாமம், எதையும் அவசரமில்லாமல் சொல்கிற மனிதர். மனு ஐந்தே வரிதான். எங்கள் முப்பாட்டனார் காலத்திலேயே தேருக்காக விட்டாகிவிட்டது, இன்னும் எவ்வளவு விடச் சொல்கிறீர்கள் என்பது அதன் சாரம். அளவு எதுவும் இல்லை, பத்திரம் எதுவும் இணைக்கவில்லை. மனுக்களைப் படித்துக் குறிப்பு எழுதுவதும் என் வேலை. "அளவுகள் குறிப்பிடப்படவில்லை. பரிசீலிக்க இடமில்லை" என்று எழுதிக் கோப்புக் கட்டில் சேர்த்தேன். தேருக்கு விட்டோம் என்பதைக் கோயிலுக்கு ஏதோ திருப்பணி செய்ததாகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். இந்த ஊரில் எந்த மனுவிலும் சாமி ஓரிடத்தில் வந்துவிடும்.

இத்தனைக்கும் நான் பங்குனித் தேரை ஆண்டுதோறும் அந்த மூலையில் நின்று பார்க்கிறவன். மேற்கு ராஜ வீதியில் வடக்கு நோக்கி வரும் தேர் அங்கேதான் கிழக்கே திரும்ப வேண்டும். வடத்தை ஒரு பக்கம் தளர்த்தி, முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்துக்கு அடியில் மாற்றி மாற்றிக் கட்டை கொடுத்து, அங்குலம் அங்குலமாகத் திருப்புவார்கள். திரும்ப எத்தனை நிமிடம் ஆயிற்று என்று ஒவ்வோர் ஆண்டும் குறித்திருக்கிறேன். தேரின் பின்புறம் கடை மூலையை உரசாமல் எப்படிப் போகிறது என்று ஓர் ஆண்டும் கேட்டுக்கொண்டதில்லை.

வெட்ட வேண்டிய இடத்தில் குறி போட ஆடி மாதம் ஒரு காலையில் போனேன். சாக்கடைக் கான்ட்ராக்டரின் ஆட்கள் அடுத்த திங்கட்கிழமை வருவதாக ஏற்பாடு. அவர்கள் எல்லையை அளப்பவர்கள் அல்லர். காகிதத்தில் பதினோரு அங்குலம் என்றிருந்தால் சுவரின் முகத்திலிருந்து பதினோரு அங்குலம் வெட்டுவார்கள். அதனால் குறி சரியாக இருக்க வேண்டும் என்று நானே போனேன்.

வீதி எல்லைக் கற்கள் இரண்டுக்கும் இடையே கயிறு கட்டினோம். கணக்குப்படி கயிறு மேற்கு மூலையில் சுவரில் முட்டி நிற்க வேண்டும். நான் கிழக்குக் கல்லருகே நின்றேன். சங்கிலிக்காரர் மேற்குக் கல்லில் முடிச்சுப் போட்டுவிட்டு, தார் டப்பாவோடு மூலைக்குப் போய், சுவரைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார்.

"சார், கயிறு சொவத்து மேல படவே இல்ல சார். குறி எதுல போட்றது?"

கடைக்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "காத்துல போட்டுட்டுப் போப்பா. சர்க்கார் குறிதானே, நிக்கும்" என்றார்.

நான் போய்ப் பார்த்தேன். கயிறு சுவரோடு கூடவே, ஒரு விரற்கடை இடைவெளி விட்டு, ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஓடியது. எங்கும் முட்டவில்லை. கற்கள் நகர்ந்திருக்குமோ என்று மேற்கு ராஜ வீதிக் கல்லிலிருந்து சரிபார்த்தேன். நகரவில்லை. அப்போதுதான் அடித்துவிட்ட அந்த வெளி அளவு நினைவுக்கு வந்தது.

ஜன்னல்களை உள்ளிருந்து அளக்க வேண்டும், அலமாரிகளை நகர்த்த முடியுமா என்று கேட்டேன். கடைக்காரர் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களைக் காட்டினார்.

"ஆவணி முகூர்த்தத்துக்கு ஜனங்க வந்துக்கினு இருக்குது. இப்ப போய் அலமாரிய நகத்தணுமா? அளந்துதானே வெட்டச் சொன்னீங்க?"

அளந்ததில் சந்தேகம் இருக்கிறது என்றேன். அவர் தம்பியைக் கூப்பிட்டார். இரண்டு அலமாரிகளிலிருந்தும் புடவைகளை எடுத்து ஜமக்காளத்தில் அடுக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. புடவை எடுக்க வந்திருந்த ஒரு குடும்பம் வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அலமாரிகள் நகர்ந்ததும் ஜன்னல்களின் உட்புறம் தெரிந்தது. கிழக்கு ஜன்னல் ஆழமாக, ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு மாடம்போல் இருந்தது. மேற்கு ஜன்னலில் சட்டம் சுவரைவிட்டு வெளியே துருத்தாமலிருக்க அதையே பாதியாக இழைத்திருந்தார்கள். இந்த முறை நாடாவை நம்பாமல் எஃகு அளவுகோலால் அளந்தேன். அந்த அளவுகளை இரு கோடிவரை நீட்டிக் கணக்கிட்டால் சுவரின் கனம் கிழக்குக் கோடியில் முப்பது அங்குலம். மேற்கே போகப் போகக் குறைந்து, மேற்குக் கோடியில் பன்னிரண்டு.

உட்புறம் நேர்கோடு. வெளிப்புறம் சாய்கோடு. முன்சுவர் ஆப்பு வடிவத்தில் இருந்தது. நான் அதை நடுவில் ஓரிடத்தில் அளந்து, முப்பது அடிக்கும் அதுவே கனம் என்று எழுதியிருந்தேன். நோட்டீஸ்படி பன்னிரண்டு அங்குலச் சுவரில் பதினோரு அங்குலம் வெட்டியிருப்பார்கள்.

சுவர் இப்படி இருப்பது உங்களுக்குத் தெரியுமா என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"தெரியாம? மனுவுல எழுதி இருந்தேனே சார். படிக்கலியா?"

படித்தேன் என்றேன். அளவு போட்டிருந்தால் புரிந்திருக்கும் என்றும் சொன்னேன். அது எவ்வளவு மோசமான பதில் என்று சொல்லி முடிக்கும்போதே தெரிந்தது. அவர் கோபப்படவில்லை. "நான் எங்க சார் அளந்தேன். விட்டதுன்னு தெரியும், எவ்ளோன்னு யாரும் கேக்கலையே" என்றார்.

பிறகு அவர் சொன்ன கதையை அன்றே எழுதி வைத்தேன். முப்பாட்டனார் பட்டு நூல் வியாபாரி. கடையை முப்பது அங்குலச் சுவர் வைத்து நேராகத்தான் கட்டினார். கட்டி முடித்த ஆண்டே தேர் மூலையில் சிக்கிக்கொண்டது. இரண்டு நாள் அசையவில்லை. சாமி வீதியிலேயே இருந்தார். ஊரார் கூடிக் கடையை உள்ளே தள்ளிக் கட்டச் சொன்னார்கள். அதற்குள் உத்திரம் போட்டாயிற்று, தூண் நட்டாயிற்று, அலமாரி செய்தாயிற்று. உத்திரத்தை எடுத்தால் மொத்தக் கூரையும் போகும்.

"'உள்ள ஒரு அங்குலம்கூட குடுக்க மாட்டேன், வெளிய சொவத்த வேணும்னா சீவிக்கோ'ன்னுட்டாராம். கொத்தனார் வந்து, தேர் போற மாதிரி, வெண்ணெய் சீவறாப்ல சீவிட்டாரு. அதான் கத" என்றார்.

கதையை அப்படியே ஏற்பது என் வழக்கமில்லை. மேற்கு மூலையில் பூச்சு ஒரு சாண் உயரத்துக்கு உதிர்ந்திருந்தது. உட்கார்ந்து பார்த்தேன். அங்கே தெரிந்த செங்கற்கள் முழுக்கற்கள் அல்ல. வெளிமுகம் உளியால் வெட்டப்பட்டவை, ஒன்று பாதி, ஒன்று முக்கால். மற்ற எந்தச் சுவரிலும் அப்படி இல்லை. கட்டிய பிறகு சீவிய சுவர்தான்.

அன்று பிற்பகல் இன்ஜினீயரிடம் போனேன். அவர் வெளியூர்க்காரர், அடுத்த மாதம் மாற்றலாகிப் போக இருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டு, குறி போட இடமில்லையென்றால் போடாமல் விட்டுவிடுங்கள், கான்ட்ராக்டரிடம் நான் வாயால் சொல்லிவிடுகிறேன், விஷயம் அதோடு முடிந்தது என்றார். அது போதாது என்றேன். கட்டில் நோட்டீஸ் இருக்கும்வரை அது ஆக்கிரமிப்புக் கட்டடம். பட்டியலில் சேராது. அடுத்து வருகிற இன்ஜினீயர் கட்டைப் பிரித்தால், அதே பதினோரு அங்குலத்தை வெட்டச் சொல்வார்.

"அப்போ நாடா பழசு, அளவு பிசகிடுச்சுன்னு ஒரு குறிப்பு எழுதிடுங்க. உங்க மேலயும் வராது, என் மேலயும் வராது."

நாடா சரியாகத்தான் காட்டியது, நான்தான் அதைத் திருத்தினேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "இருபது வருஷ சர்வீஸ்ல யாராவது இப்படி எழுதிக் குடுப்பாங்களா? ஹெட் டிராப்ட்ஸ்மேன் போஸ்ட் காலியாகுது, தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன். எழுதிக் கொடுங்கள், ஆனால் நான் எழுதச் சொன்னதாக எங்கும் வரக்கூடாது என்றார். அது நியாயமாகவே பட்டது.

குறிப்பு ஒன்றரைப் பக்கம் வந்தது. எடுத்த வெளி அளவு, அதை அடித்த காரணம், சுவரின் உண்மையான கனங்கள், கயிறு கட்டிப் பார்த்தது, வெட்டுண்ட செங்கற்கள் எல்லாவற்றையும் எழுதினேன். கடைக்காரரின் மனு சரியானது, அதன்மேல் நான் எழுதிய குறிப்பு தவறு என்றும் சேர்த்தேன். சனிக்கிழமை மத்தியானம் இன்ஜினீயர் கையெழுத்துப் போட்டு, நோட்டீஸ் ரத்தானது. ரத்து உத்தரவின் நகலைக் கான்ட்ராக்டரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டேன். திங்கட்கிழமை அவருடைய ஆட்கள் வந்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சாக்கடைக்குப் பள்ளம் வெட்டினார்கள். பத்து மணிவரை நான் அங்கேயே நின்றேன்.

எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. விளக்கம் ஏற்கெனவே கட்டில் இருக்கிறது என்று பதில் எழுதினேன். ஹெட் டிராப்ட்ஸ்மேன் வேலைக்கு வேலூரிலிருந்து ஒருவர் வந்தார். திறமையானவர். என் படங்களை அவர் அளவுகோல் வைத்துச் சரிபார்த்த பிறகே அனுப்புவார். முதல் சில மாதங்கள் அது உறுத்தியது, பிறகு பழகிவிட்டது.

கடையை மறுபடி முழுவதும் அளந்து புதுப் படம் போட்டேன். இந்த முறை நாடாவும் எஃகு நாடா. முன்சுவரின் இரண்டு கோடுகளும் இணையாக இல்லாமல், ஒரு கோடியில் விரிந்தும் மறு கோடியில் ஒடுங்கியும் இருந்தன. படம் இலாகாவுக்குப் போனது. ஒரு மாதம் கழித்து அங்கிருந்து கடிதம் வந்தது. முன்சுவரின் கோடுகள் கோணலாக வரையப்பட்டுள்ளன, சரிபார்த்துத் திருத்தி அனுப்பவும். கீழே அங்கிருந்த டிராப்ட்ஸ்மேனின் கையெழுத்து. நேர்த்தியான கையெழுத்து. "சரிபார்க்கப்பட்டது. சுவர் படத்தில் உள்ளபடியே உள்ளது. திருத்தம் இல்லை" என்று எழுதி, இரண்டு ஜன்னல்களின் குறுக்குவெட்டையும் தனியே போட்டு இணைத்தேன்.

பாதுகாப்பு உத்தரவு வர மேலும் ஏழெட்டு மாதம் ஆயிற்று. கடைக்காரருக்கு அதை நேரில் கொடுக்க என்னைத்தான் அனுப்பினார்கள். காலை பதினொரு மணி. மாடி வராந்தாவில் யாரோ ஒரு குடும்பத்துக்கு மாம்பழ நிறத்தில் ஒரு புடவையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு உத்தரவை வாங்கி, நின்றபடியே இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். பிறகு ஒரு வரியில் விரலை வைத்தார்.

"இதுல, ஓனர் உள்பட யாரும் கட்டடத்துல எதையும் எடுக்கவோ குறைக்கவோ கூடாதுன்னு போட்டிருக்குதே சார். நானே விட்டாக்கூடவா?"

நீங்களே விட்டாலும் கூடாது என்றேன். அனுமதி கேட்டு எழுதலாம், பெரும்பாலும் கொடுக்க மாட்டார்கள் என்றும் சொன்னேன். அவர் கிராதிக்கு வெளியே மூலையை எட்டிப் பார்த்தார். தேருக்குப் புதுச் சக்கரம் போடப்போவதாக அப்போது ஊரில் பேச்சு இருந்தது. பழையதைவிட அகலமாக இருக்கும் என்றார்கள்.

"அப்ப அடுத்த தபா முட்டுனா, தேரத்தான் சீவணும்னு சொல்லுங்க" என்றார்.

உத்தரவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நான் கொண்டுபோயிருந்த பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். புடவையின் மறுபுறத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டச் சொல்லி அந்தக் குடும்பத்தார் கேட்டார்கள். அவர் அவர்கள் பக்கம் போனார்.